கட்டுரையை எங்கே அனுப்புவது? சென்னை ஆய்வு மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை

சேப்பாக்கத்தில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு, பல ஆண்டுகள் சமூக அறிவியல் கட்டுரைகளைத் திருத்திக் கொடுக்கும் வேலை பார்த்தவன் நான். வரலாறு, சமூகவியல், பொருளியல், தமிழ் என்று எந்தத் துறை மாணவர் வந்தாலும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். தரமணி டீக்கடையில் நின்றுகொண்டு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

யு.ஜி.சி. கேர் பட்டியல் இருக்கிறதா, போய்விட்டதா?

போய்விட்டது. கட்டுரை வெளியிடத் தகுந்த ஆய்விதழ்கள் எவை என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) வைத்திருந்த பட்டியல் அது. 2025 பிப்ரவரியில் யு.ஜி.சி. அதைக் கைவிடுவதாக அறிவித்தது. இனி நல்ல இதழ் எது என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகமும் கல்லூரியும் முடிவு செய்துகொள்ள வேண்டும், யு.ஜி.சி. தருவது சில பரிந்துரை அளவுகோல்களை மட்டுமே.

முன்கதை தெரிந்தால்தான் இன்றைய குழப்பம் புரியும். 2017இல் யு.ஜி.சி. 38,000க்கு மேற்பட்ட இதழ்கள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டது. அதில் பல, பல்கலைக்கழகங்களே பரிந்துரைத்தவை. பூஷண் பட்வர்தனும் உடன் ஆய்வாளர்களும் அப்படிச் சேர்ந்த இதழ்களில் 1,009ஐ எடுத்து ஆராய்ந்து, 88 விழுக்காட்டுக்கு மேல் தரமற்றவை என்று 2018இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். அந்த ஆண்டு மே மாதம் 4,305 இதழ்கள் நீக்கப்பட்டன. அப்புறம் வந்ததுதான் கேர். புனே சாவித்திரிபாய் பூலே பல்கலைக்கழகத்தில் அதற்கென ஒரு மையம் வைத்து, 2019இல் புதிய பட்டியல் தந்தார்கள்.

ஆக, எட்டு ஆண்டுகளில் ஒரு பட்டியல் வந்தது, வெட்டப்பட்டது, இன்னொன்று வந்தது, அதுவும் போனது. ஆனாலும் "கேர் இதழில் போடு" என்று சொல்லும் நெறியாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. இன்று உங்களுக்குச் செல்லுபடியாகும் விதி எது என்பதைத் துறை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி வாய்மொழித் தேர்வு வரை போகாதீர்கள்.

ஆய்வேடு சமர்ப்பிக்கக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டுமா?

யு.ஜி.சி.யைக் கேட்டால், வேண்டாம். 2016 விதிமுறை ஒரு கட்டுரையும் இரண்டு கருத்தரங்க வாசிப்புகளும் கேட்டது. 2022 நவம்பரில் வந்த விதிமுறை அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஆனால் ஒரு பல்கலைக்கழகம் தன் சொந்த விதியில் அதை வைத்துக்கொள்ளத் தடையில்லை. நீங்கள் பதிவு செய்த ஆண்டில் எந்த விதி நடப்பில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் 'ஐந்து நாளில் வெளியீடு, 1,500 ரூபாய்' என்று வருகிறது. நம்பலாமா?

வேண்டாம். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். முதலாம் ஆண்டில் அவசரப்பட்டு ஒரு இதழுக்குப் பணம் கட்டினேன். நான்கே நாளில் கட்டுரை 'ஏற்கப்பட்டது'. ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. என் பெயரில் மட்டும் ஓர் எழுத்து குறைந்திருந்தது. பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். அந்தக் கட்டுரையில் உண்மையிலேயே ஒரு நல்ல ஆவணம் இருந்தது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்து எடுத்தது. இரண்டு ஆண்டு கழித்து அதை ஒழுங்காக எழுதி ஒரு நல்ல இதழுக்கு அனுப்பியபோது, "இது ஏற்கெனவே வெளிவந்த கட்டுரை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நியாயம்தானே? 1,500 ரூபாய் கொடுத்து என் சொந்தக் கண்டுபிடிப்பை நானே புதைத்திருக்கிறேன்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால், நான் பார்ப்பவை இவை. இதழின் பெயரில் 'பன்னாட்டு', 'பல்துறை', 'மேம்பட்ட' மூன்றும் சேர்ந்து வந்தாலே நிமிர்ந்து உட்காருவேன். ஒரே இதழில் நாலடியாரும் நானோ தொழில்நுட்பமும் கோழிப்பண்ணைப் பொருளாதாரமும் இருந்தால், மதிப்பிட்டது யார்? ஆசிரியர் குழுவில் இருப்பவர்களில் இரண்டு பேரை எடுத்து, அவர்களுடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் அந்தக் குழுவைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். தன் பெயர் அங்கே இருப்பதே தெரியாத பேராசிரியர்களும் உண்டு. கடைசியாக, பழைய இதழ் ஒன்றை எடுத்து முழுதாக ஒரு கட்டுரையைப் படியுங்கள். இதை யாரும் செய்வதில்லை. பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்னொரு மோசடியும் இருக்கிறது. நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே எடுத்துப் போலி இணையதளம் நடத்துவது. ஆய்விதழ்களைப் பட்டியலிடும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் இதழ் இருக்கும், நீங்கள் பணம் கட்டும் தளம் வேறாக இருக்கும். பதிப்பாளரின் தளத்திலிருந்து இதழுக்குப் போங்கள். மின்னஞ்சலில் வந்த இணைப்பிலிருந்து போகாதீர்கள்.

ஆனால் ஐ.எஸ்.எஸ்.என். இருக்கிறதே?

அது இதழை அடையாளம் காட்டும் எண், வண்டியின் பதிவு எண் மாதிரி. எண் இருப்பதால் ஓட்டுநருக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று ஆகாது. எட்டு இலக்க எண், இந்தியாவில் இலவசமாகவே தருகிறார்கள். உள்ளடக்கத்தை யாரும் சோதிப்பதில்லை. நூல்களுக்கான ஐ.எஸ்.பி.என்.னும் அப்படித்தான்.

நா. வானமாமலை பாளையங்கோட்டையிலிருந்து 'ஆராய்ச்சி' இதழைத் தொடங்கியது 1969இல். ஐ.எஸ்.எஸ்.என். என்ற ஏற்பாடே 1970களில்தான் நடைமுறைக்கு வந்தது. நாட்டார் வழக்காற்றியலில் வேலை செய்பவர்கள் அந்த இதழை இன்றும் தேடிப் படிக்கிறார்கள்.

ஸ்கோபஸ் இதழ்தான் வேண்டும் என்கிறார்கள். இம்பேக்ட் ஃபேக்டரும் கேட்கிறார்கள். எங்கள் துறைக்கு இதெல்லாம் பொருந்துமா?

பாதி பொருந்தும். மத்திய அரசு கல்வி நிறுவனங்களுக்குத் தரும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்குக் கட்டுரைகளை எண்ணும்போது ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற இரண்டு தரவுத்தளங்களையும் பார்க்கிறார்கள். அதனால்தான் நிர்வாகத்துக்கு அந்த ஆசை. உங்களுடைய ஆசையும் அதுவும் ஒன்றல்ல.

இம்பேக்ட் ஃபேக்டர் என்பது, ஒரு இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டு சராசரியாக எத்தனை முறை மேற்கோளாயின என்ற கணக்கு. மருத்துவத்தில் இரண்டு ஆண்டு நீண்ட காலம். வரலாற்றில் ஒரு கட்டுரையைப் படித்து, அதற்குப் பதில் எழுத ஆவணக் காப்பகம் போய், எழுதி, அச்சில் வர ஐந்து ஆண்டு ஆகும். கலை, மானுடப்புல (ஹியூமானிட்டீஸ்) இதழ்களுக்கு 2023 வரை அந்த எண்ணையே கொடுக்கவில்லை. அதற்குமுன் "எங்கள் இலக்கிய இதழுக்கு இம்பேக்ட் ஃபேக்டர் 7.2" என்று அட்டையில் அடித்திருந்தவர்கள் அதை எங்கிருந்து எடுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அப்படி எண் தயாரித்துக் கொடுப்பதே சிலருக்குத் தொழில்.

நல்ல இதழ் எது என்று துறைக்குள் இருப்பவர்களைக் கேளுங்கள். மும்பையிலிருந்து வரும் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' 1949இல் வேறு பெயரில் தொடங்கி 1966 முதல் இந்தப் பெயரில் வருகிறது. சமூகவியலுக்கு 'காண்ட்ரிப்யூஷன்ஸ் டு இந்தியன் சோஷியாலஜி', வரலாற்றுக்கு 1963 முதல் வரும் 'இந்தியன் எகனாமிக் அண்ட் சோஷியல் ஹிஸ்டரி ரிவ்யூ'. நம் ஊரிலேயே, அடையாறு சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் (எம்.ஐ.டி.எஸ்.) 1996 முதல் 'ரிவ்யூ ஆஃப் டெவலப்மென்ட் அண்ட் சேஞ்ச்' நடத்துகிறது. மாநகரப் பேருந்தில் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கும் இதழை விட்டுவிட்டு எங்கோ பணம் கட்டுகிறோம்.

தமிழில் எழுதினால் மதிப்பு உண்டா?

யாருடைய மதிப்பு என்பதைப் பொறுத்தது.

முதலில் கசப்பானது. ஸ்கோபஸில் ஒரு இதழ் சேர வேண்டுமானால் தலைப்பும் சுருக்கமும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், துணைநூற்பட்டியல் ரோமன் எழுத்தில் இருக்க வேண்டும். தமிழ் நூல்களையே ஆதாரமாகக் கொண்டு தமிழில் எழுதும் இதழுக்கு இது எத்தனை பெரிய வேலை என்று நினைத்துப் பாருங்கள். சம்பளத்துக்கு ஆள் வைக்க வழியில்லாத ஆசிரியர் ஒருவர், இரவு உட்கார்ந்து, நானூறு தமிழ் நூல்களின் பெயரை ரோமன் எழுத்தில் தட்ட வேண்டும். எனவே வேலைக்கும் பதவி உயர்வுக்கும் போடும் புள்ளிக்கணக்கில் தமிழ்க் கட்டுரை பின்தங்கும். கட்டுரை மோசம் என்பது காரணமல்ல. எண்ணும் கருவிக்குத் தமிழ் தெரியாது.

ஆனால் படிப்பவர் கணக்கு வேறு. தமிழகச் சமூக வரலாற்றைப் பற்றி ஆங்கில இதழில் எழுதினால், உலகம் முழுக்க அந்தப் பொருளில் வேலை செய்யும் சிலர் கவனமாகப் படிப்பார்கள், பதில் எழுதுவார்கள். அது வேண்டும். தமிழில் எழுதினால் நீங்கள் எழுதிய ஊர்க்காரரே படிப்பார். "எங்கள் தாத்தா பெயரைத் தப்பாகப் போட்டிருக்கிறீர்கள்" என்று கடிதம் வரும். அதைவிடக் கறாரான மதிப்பீட்டாளரை எந்த இதழும் உங்களுக்குத் தரப்போவதில்லை.

மயிலை சீனி. வேங்கடசாமி பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டு மயிலாப்பூரில் உட்கார்ந்து எழுதியவர். பௌத்தம், சமணம், கல்வெட்டு, நுண்கலை என்று அவர் தொகுத்துவைத்ததைத் தாண்டாமல் இன்று அந்தத் துறைகளில் யாரும் உள்ளே போக முடியாது. தனிநாயகம் அடிகள் 1952இல் 'தமிழ் கல்ச்சர்' இதழை ஆங்கிலத்தில் தொடங்கினார். தமிழைப் பற்றிய பேச்சை வெளியே கொண்டுபோக அது தேவைப்பட்டது. தரமணி உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் ஆய்விதழில் இரண்டு மொழியும் உண்டு. எம்.ஐ.டி.எஸ். பேராசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி ஆங்கிலத்திலும் தமிழிலும் சளைக்காமல் எழுதுபவர். 2024 சாகித்திய அகாதெமி விருது அவருடைய தமிழ் வரலாற்று நூலுக்குக் கிடைத்தது. ஒரு வரலாற்று ஆராய்ச்சிக்கு அங்கீகாரம் இலக்கிய அமைப்பிடமிருந்து வருகிறது! சந்தோஷப்படுவதா, பல்கலைக்கழகங்கள் என்ன செய்கின்றன என்று கேட்பதா, எனக்கு இரண்டும் தோன்றியது.

என் யோசனை: ஒரே ஆய்விலிருந்து இரண்டு கட்டுரை எழுதுங்கள். மொழிபெயர்ப்பாக வேண்டாம், இரண்டு வேறு வாசகர்களுக்கு இரண்டு வேறு கட்டுரை. ஆங்கிலத்தில் 'ஜமீன்' என்றால் என்ன என்று விளக்க ஒரு பத்தி போகும். தமிழில் அந்தப் பத்தி மிச்சம், அந்த இடத்தில் இன்னும் ஓர் ஆவணம் வைக்கலாம்.

நூலா, கட்டுரையா? எதற்குப் புள்ளி அதிகம்?

கல்லூரி ஆசிரியர் பணிக்கான 2018 யு.ஜி.சி. விதிமுறையின் அட்டவணையில் மொழி, கலை, சமூக அறிவியல் துறைகளில் ஒரு கட்டுரைக்கு 10 புள்ளி. தேசிய அளவிலான பதிப்பகத்தில் முழு நூல் எழுதினாலும் 10. பன்னாட்டுப் பதிப்பகமானால் 12. தொகுப்பு நூலில் ஓர் இயல் 5. ஒரு முழு நூலை மொழிபெயர்த்தால் 8, ஒரு கட்டுரையை மொழிபெயர்த்தால் 3.

ஆறு ஆண்டு உழைத்து எழுதிய நானூறு பக்க நூலும் பன்னிரண்டு பக்கக் கட்டுரையும் ஒரே எடை. இதை வகுத்தவர்கள் நூல் எழுதியிருக்கிறார்களா என்று கேட்கத் தோன்றும். இலக்கியம், வரலாறு, மானுடவியல் மூன்றிலும் ஒருவர் பெயர் நிலைப்பது நூலால்தான். புள்ளிக்குக் கட்டுரை, பெயருக்கு நூல் என்று மனத்தில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: ஆய்வேட்டை அப்படியே அச்சடித்தால் அது நூலாகாது. இரண்டாம் இயலில் 'முந்தைய ஆய்வுகள்' என்று நாற்பது பக்கம் ஓட்டியிருப்பீர்களே, முதலில் அதைத் தூக்குங்கள்.

பெயரை எப்படிப் போடுவது? எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது.

சின்ன விஷயம் மாதிரி தெரியும். பல பேருக்கு இதில்தான் அடி.

கந்தசாமி மகள் செல்வி என்று வைத்துக்கொள்வோம். கல்லூரிச் சான்றிதழில் கே. செல்வி. பாஸ்போர்ட்டில் செல்வி கந்தசாமி. ஒரு இதழின் படிவம் 'கடைசிப் பெயர்' கேட்கிறது, அவர் 'கே' என்று போடுகிறார். இன்னொரு இதழ் எழுத்து ஒன்றாக இருந்தால் ஏற்காது, கந்தசாமி என்று போடுகிறார். இப்போது தரவுத்தளத்தில் மூன்று செல்விகள். மேற்கோள் காட்டுபவர் 'கந்தசாமி (2021) கூறுவதுபோல்' என்று எழுதுவார். உழைத்தது மகள், பேர் அப்பாவுக்கு.

முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்து, கடைசி வரை அதையே வைத்திருங்கள். ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்கிட் என்ற 16 இலக்க எண்ணை இலவசமாகப் பெற்று எல்லா இடத்திலும் கொடுங்கள். கல்யாணத்துக்குப் பின் இனிஷியலை மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், ரேஷன் கார்டில் எப்படியோ இருக்கட்டும், கட்டுரையில் மாற்றாதீர்கள்.

தமிழ் நூல்களை ஆங்கிலக் கட்டுரையில் எப்படிக் காட்டுவது?

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் முறையில் எழுத்துப்பெயர்த்து, தலைப்பின் பொருளை அடைப்பில் கொடுங்கள். பழைய நூல்களில் ஆண்டு 'விகாரி', 'துன்மதி' என்று இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும் என்பதால், அச்சகத்தின் பெயரையும் முன்னுரையையும் பார்த்து எந்தச் சுற்று என்று உறுதிப்படுத்திய பின் ஆங்கில ஆண்டைப் போடுங்கள். ரோஜா முத்தையா நூலகத்தில் பார்த்த பிரதியா, உ.வே.சா. நூலகப் பிரதியா என்று குறித்துவிட்டால் அடுத்து வருபவர் வாழ்த்துவார்.

கருத்தரங்க மலரில் வந்த கட்டுரை கணக்கில் வருமா?

காலையில் பதிவுக் கட்டணம், பதினொரு மணிக்கு ஐந்து நிமிடம் வாசிப்பு, மதியம் சாம்பார் சாதம், மாலை சான்றிதழ், கையில் ஆயிரம் பக்க மலர். வாசிப்பதற்கு முன்பே அச்சான கட்டுரையை யார் மதிப்பிட்டிருப்பார்கள்? உங்கள் சிறந்த கட்டுரையை அங்கே கொடுக்காதீர்கள். நாலு பேரைப் பார்க்கப் போங்கள், அது போதும். நல்ல கருத்தரங்குகளும் உண்டு. அங்கே கூட்டம் குறைவாக இருக்கும், கேள்விகள் அதிகமாக இருக்கும்.

நெறியாளர் பெயரையும் போட வேண்டுமா?

அறிவியலில் அது வழக்கம், ஆய்வகமும் கருவியும் அவருடையவை. நம் துறைகளில் தனி ஆசிரியர் கட்டுரைதான் பெருவழக்கு. அவர் உண்மையில் கட்டுரையின் ஒரு பகுதியை எழுதியிருந்தால் போடுங்கள். படித்துத் திருத்தம் சொன்னார் என்றால் நன்றியுரையில் ஒரு வரி. இருவர் பெயர் இருந்தால் புள்ளியும் ஆளுக்கு 70 விழுக்காடாகக் குறையும் என்ற 2018 கணக்கைப் பணிவாக நினைவூட்டலாம். இதெல்லாம் சொல்வதற்கு எளிது, அவருடைய அறைக்குள் நின்று சொல்வது கஷ்டம் என்பது எனக்கும் தெரியும். எழுதத் தொடங்கும் முன்பே, "சார், இதை நான் தனியாக முயன்று பார்க்கட்டுமா?" என்று அனுமதி கேட்பது போலக் கேளுங்கள். முடித்துக் கொண்டுபோனபின் கேட்பதைவிட அது சுலபம்.

அனுப்பி ஏழு மாதம் ஆகிறது, பதிலே இல்லை. வேறு இதழுக்கும் அனுப்பிவிடலாமா?

ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பக் கூடாது. ஆறு மாதம், ஓராண்டு என்பதெல்லாம் நம் துறைகளில் சாதாரணம். மதிப்பிடுபவர் சம்பளமில்லாமல், விடைத்தாள் திருத்தும் இடைவெளியில் படிக்கிறார். நான்கு மாதத்துக்குப் பின் இரண்டு வரியில் நிலவரம் கேட்கலாம், தப்பில்லை. பதிலே இல்லையென்றால் முறையாகத் திரும்பப் பெறுவதாக எழுதிவிட்டு அடுத்த இடம் பாருங்கள்.

மதிப்பீடு வந்தவுடன் படித்துவிட்டு மூடி வையுங்கள். இரண்டு நாள் கழித்துத் திரும்பப் படித்தால், "இவர் என் கட்டுரையைப் படிக்கவே இல்லை" என்று தோன்றிய இடத்தில் உங்கள் வாக்கியம்தான் தெளிவில்லாமல் இருந்திருக்கும்.

ஒப்புமைச் சோதனையில் 23 விழுக்காடு காட்டுகிறது. பயமாக இருக்கிறது.

கருத்துத் திருட்டைத் தடுக்க யு.ஜி.சி. 2018இல் கொண்டுவந்த விதிப்படி, பிற எழுத்துகளோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை குற்றமில்லை. 10க்கு மேல் 40 வரை ஆய்வேட்டைத் திருத்தி ஆறு மாதத்துக்குள் மீண்டும் தர வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆனால் மேற்கோள்குறிக்குள் ஆதாரத்தோடு இருப்பவை, துணைநூற்பட்டியல், தொடர்ந்து 14 சொல் வரை தற்செயலாக ஒத்துவருவது இவை கணக்கில் சேராது. புறநானூற்றுப் பாடலை நீங்கள் 'திருடியதாக' மென்பொருள் காட்டியிருந்தால் அறிக்கையைத் திறந்து எந்த வரி என்று பாருங்கள். நூலகரிடம் சொல்லி அதை விலக்கி மறுபடி ஓட்டலாம். சொல்லை மாற்றிப்போட்டு எண்ணைக் குறைத்துத் தருவதாகச் சொல்லும் கடைகள் இருக்கின்றன. 'குலத்தொழில்' என்பதை 'இன வேலை' என்று மாற்றிய ஓர் ஆய்வேட்டைப் பார்த்திருக்கிறேன்.

இதழ்களைப் படிக்கவே வழியில்லை. ஒரு கட்டுரைக்கு மூவாயிரம் ரூபாய் கேட்கிறது.

அரசே சந்தா கட்டி ஆய்விதழ்களைப் படிக்கத் தரும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. 30 பதிப்பாளர்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள், மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத்தான். சுயநிதிக் கல்லூரிக்காரர்கள் வெளியே நிற்கிறார்கள். சென்னையில் ஆய்வு மாணவர்களில் நிறையப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள் என்பதை டெல்லியில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை போலிருக்கிறது. எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். நான் கேட்டவர்களில் அநேகமாக எல்லோரும் அனுப்பியிருக்கிறார்கள், சிலர் கூடவே அடுத்த கட்டுரையின் வரைவையும். முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு 'சோத்கங்கா' இணையதளம் இருக்கிறது, இலவசம்.

கட்டுரை வந்தால் எவ்வளவு தருவார்கள் என்று வீட்டில் கேட்கிறார்கள்.

ஆய்விதழ் ஒன்றும் தராது. வார, மாத இதழ்களில் சிறு தொகை வரலாம். நூலுக்கு ராயல்டி பத்து விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 250 ரூபாய் விலையில் 500 பிரதி முழுதும் விற்றால் 12,500 ரூபாய். முழுதும் விற்றால் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். மிச்சத்துக்கு ஜனவரிப் புத்தகக் காட்சி வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.